காரைக்கால் விலைபோன கதையும் மஸ்கட் சுல்தானின் உடன்படிக்கைகளும்



உடன்படிக்கை என்ற சொல்லைச் சரித்திரப் புத்தகத்தில் கண்டவுடனே உங்களிற் பலருக்குக் கொட்டாவி வரும் என்பதை நான் நன்கறிவேன். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்று சரித்திரம் கற்பித்தவனுக்கு அந்தக் கொட்டாவி புதியதன்று. எந்த ஆண்டு, எந்த ஊர், யாருக்கும் யாருக்கும் இடையே என்று மூன்றையும் மனப்பாடம் செய்து, விடைத்தாளில் எழுதி, மதிப்பெண் பெற்றவுடன் மறந்துவிடுவது நம் வழக்கம். ஆனால் காரைக்கால் பகுதியிற் பிறந்த பிள்ளைகள் இவ்விஷயத்தில் கொட்டாவி விடலாகாது என்பது என் கருத்து. ஏனென்றால் நம் ஊரின் எல்லைக்கோடு மழையினாலோ ஆற்றினாலோ ஏற்பட்டதன்று, காகிதத்தினால் ஏற்பட்டது. காவிரிப் படுகையின் நடுவே, அண்டை வயலுக்கும் நம் வயலுக்கும் ஒரே வாய்க்கால் நீர் பாய்ந்துகொண்டிருக்க, வரப்புக்கு அந்தப்புறம் ஓர் ஆட்சியும் இந்தப்புறம் வேறோர் ஆட்சியுமாக இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்ததென்றால், அதற்குக் காரணம் சில வர்த்தக உடன்படிக்கைகளே.

நான் வசிக்கும் காரைக்கால்மேடு ஒரு மீனவக் குடியிருப்பு. அதன் கரையில் நின்று வடக்கே போனால் தரங்கம்பாடி. தெற்கே போனால் நாகப்பட்டினம். நாற்பது கிலோமீட்டருக்கும் குறைந்த இந்தக் கடற்கரைத் துண்டில் ஒரு காலத்தில் மூன்று ஐரோப்பியக் கொடிகள் பறந்தன. தரங்கம்பாடியில் டேனியர், காரைக்காலில் பிரெஞ்சுக்காரர், நாகப்பட்டினத்தில் 1658ஆம் ஆண்டு போர்த்துக்கேசியரை வெளியேற்றிவிட்டு அமர்ந்த டச்சுக்காரர். இம்மூவரும் தேடி வந்த பொருள்கள் பெரும்பாலும் ஒன்றே: தஞ்சைச் சீமையின் நெல், கைத்தறித் துணி, கடல்வழி. மூவரும் கையெழுத்திடவேண்டிய இடமும் ஒன்றே. அது தஞ்சாவூர் அரண்மனை.

முதலில் டேனியர் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். டென்மார்க்கிலிருந்து இலங்கையை நோக்கிப் புறப்பட்ட முயற்சி அது. ரோலண்ட் கிராப்பே என்பவர் முன்னதாக ஒரு கப்பலில் வந்தார். அக்கப்பலைக் காரைக்காலுக்கு அப்பால் கடலில் போர்த்துக்கேசியர் தாக்கி மூழ்கடித்தனர். மாலுமிகளிற் பெரும்பாலோர் மாண்டனர் அல்லது சிறைப்பட்டனர். இருவருடைய தலைகளைக் கரையிலே கழுவேற்றி எச்சரிக்கையாக நட்டுவைத்தார்களாம். பதின்மூன்று பேருடன் தப்பிக் கரையேறிய கிராப்பே தஞ்சாவூர் இரகுநாத நாயக்கரிடம் கொண்டுசெல்லப்பட்டார். ஒரு கையில் உடைந்த பலகையோடு வந்தவன் என்ன பேரம் பேச முடியும் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் நாயக்கருக்கும் ஒரு தேவை இருந்தது. போர்த்துக்கேசியர் ஒருவரையே நம்பிக் கடல் வர்த்தகத்தை நடத்த அவர் விரும்பவில்லை. ஆகவே 1620 நவம்பரில், தளபதி ஓவே யெத்தே வந்து சேர்ந்த பிறகு, டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் சார்பில் உடன்படிக்கை ஏற்பட்டது. இரகுநாத நாயக்கர் தங்க ஏட்டில் எழுதி டென்மார்க் மன்னருக்கு அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. தரங்கம்பாடியில் டேன்ஸ்பர்க் கோட்டை எழுந்தது. ஆண்டுதோறும் குத்தகைப் பணம் தஞ்சாவூருக்குச் சென்றது.

இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள்: குத்தகை. நாயக்கர் தரங்கம்பாடியை விற்கவில்லை. நிலத்தின் உடையவர் அவரே, வந்தவர் குடியிருப்பவர். பலமுள்ள அரசன், பல வர்த்தகரிடையே ஒருவரைத் தேர்ந்து, தனக்குப் பயன்படும் அளவில் இடங்கொடுத்த உடன்படிக்கை அது.

இனி நூற்றுப்பதினெட்டு ஆண்டுகளைத் தாண்டி நம் ஊருக்கு வருவோம். தஞ்சாவூரில் இப்போது நாயக்கர் இல்லை. மராத்திய மன்னர்கள் ஆளுகின்றனர். 1736இல் துக்கோஜி என்ற முதலாம் துளஜா காலமானார். அதன்பின் மூன்றே ஆண்டுகளில் அரியணை கைமாறிய வேகத்தைப் பார்த்தால் தலை சுற்றும். இரண்டாம் ஏகோஜி சிறிது காலம், அவர் மறைந்தபின் அவருடைய அரசி சுஜான்பாய், பிறகு காட்டுராஜா என்று அழைக்கப்பட்ட ஒருவர், பிறகு சாகுஜி. அரியணைப் போட்டியில் துரத்தப்பட்டுக் கொள்ளிடத்துக்கு வடக்கே சிதம்பரத்துப் பக்கம் ஒதுங்கியிருந்த சாகுஜிக்கு அவசரமாகத் தேவைப்பட்டது பணம். பணம் இருந்த இடம் புதுச்சேரி.

புதுச்சேரியில் அப்போது ஆளுநராக இருந்தவர் பெனுவா துய்மா. டூப்ளே என்ற பெயரைத்தான் நம் பாடப்புத்தகங்கள் பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன. ஆயினும் காரைக்காலைப் பொறுத்தவரை கணக்குப் போட்ட மனிதர் துய்மாவே. அவர் போர் வீரரைக் காட்டிலும் நல்ல வர்த்தகர். புதுச்சேரிக்கு அரிசி வெளியிலிருந்து வரவேண்டும். காவிரிப் படுகையின் வாயிலில் ஒரு துறை கிடைத்தால் அரிசிக்கும் துணிக்கும் கவலையில்லை. டச்சுக்காரருக்கும் டேனியருக்கும் நடுவே காலூன்றவும் ஆகும். ஆகவே 1738இல் சாகுஜியின் தூது வந்ததும் பேரம் விரைவில் முடிந்தது. காரைக்கால் ஊர், கருக்களாச்சேரிக் கோட்டை, அவற்றைச் சேர்ந்த ஐந்து கிராமங்கள். விலை 40,000 சக்கரம். சக்கரம் என்பது தஞ்சைச் சீமையில் அந்நாளில் வழங்கிய பொன் நாணயம்.

ஆனால் சாகுஜி அரியணை ஏறியதும் காட்சி மாறிற்று. கப்பல்களில் வந்த பிரெஞ்சுக்காரரிடம் ஊரை ஒப்படைக்க அவர் தயங்கினார். நாகப்பட்டினத்து டச்சுக்காரர், தங்கள் பக்கத்திலே ஒரு போட்டியாளர் முளைப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? மன்னரின் மனத்தைக் கலைக்க அவர்களும் முயன்றனர். துய்மா போர் தொடுக்கவில்லை, காத்திருந்தார். அந்த வேளையில் ஆர்க்காட்டு நவாபின் உறவினரான சந்தா சாகிபு தஞ்சாவூரை நெருக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் ஊழியம் பார்த்த பிரான்சிஸ்கோ பெரைரா என்ற ஸ்பானியர் ஒரு படையுடன் வந்து காரைக்காலையும் கருக்களாச்சேரிக் கோட்டையையும் கைப்பற்றிப் பிரெஞ்சுக்காரர் கையில் கொடுத்தார். 1739 பிப்ரவரி 14ஆம் நாள் பிரெஞ்சுக் கொடி இங்கே ஏறிற்று. சாகுஜிக்கு இசைவதைத் தவிர வேறு வழியில்லை. விலைக்கு வாங்கிய ஊர் என்று நாம் படிக்கின்றோம். உண்மையில் பாதி விலைக்கும் பாதி வாளுக்குமாக வந்த ஊர் இது.

ஒருமுறை ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்தி முடித்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "ஐயா, வீட்டை விற்பதென்றால் வீட்டில் இருப்பவர்களைக் காலி செய்யச் சொல்லுவார்கள். ஊரை விற்றால் ஊரில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களை யாராவது கேட்டார்களா?" என்றாள். நான் மூன்று பட்டங்களுக்கும் ஓர் ஆசிரியப் பயிற்சிக்கும் படித்தவன். அவ்வளவு நேரான கேள்வியை எந்தப் பரீட்சையிலும் எனக்கு யாரும் போட்டதில்லை. கேட்கவில்லை அம்மா என்றேன். அந்நாளைய வழக்கில் ஊரை விற்பதென்றால் மண்ணை விற்பதன்று. அம்மண்ணின் வரி வாங்கும் உரிமையையும் வழக்குத் தீர்க்கும் உரிமையையும் மாற்றிக் கொடுப்பது. குடியானவன் அதே வயலில் நின்றான். மீனவன் அதே கட்டுமரத்தைத் தள்ளினான். வரி கொண்டுபோய்க் கட்டும் கச்சேரி மட்டும் மாறிற்று. ஆனால் வரி கட்டும் இடம் மாறினால் மெல்ல மெல்லச் சட்டம் மாறும், மொழி மாறும், பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் மாறும். அந்த மாற்றத்தின் நீளத்தைச் சாகுஜியோ துய்மாவோ எண்ணியிருக்க மாட்டார்கள்.

சாகுஜிக்குப் பின் 1739இலேயே பிரதாபசிங் மன்னரானார். அவரும் கடனாளியாகவே பட்டத்துக்கு வந்தார் எனலாம். சந்தா சாகிபுக்குக் கொடுக்க வேண்டிய பெருந்தொகைக்காக 1740இல் மேலும் எட்டுக் கிராமங்கள் 60,000 சக்கரத்துக்குப் போயின. நிரவி, தருமபுரம், போலகம், வாஞ்சூர் முதலாய அப்பெயர்களை நீங்கள் இன்றும் நாள்தோறும் பேருந்துப் பலகையில் வாசிக்கின்றீர்கள். பிறகு 1749இன் இறுதியில் சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் தஞ்சாவூரை முற்றுகையிட்டபோது, அந்த நெருக்கடியில் எழுந்த உடன்படிக்கையின் பேரில் காரைக்காலைச் சுற்றி 81 கிராமங்களும், அதுவரை செலுத்தி வந்த ஆண்டுக் குத்தகையான 2,000 வராகனின் தள்ளுபடியும் பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்தன.

இந்த மூன்று படிகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். முதலில் விலை கொடுத்தார்கள். அடுத்ததில் கடனைப் பயன்படுத்தினார்கள். மூன்றாவதில் பீரங்கியைக் காட்டினார்கள். மூன்றுக்கும் பெயர் ஒன்றே: உடன்படிக்கை. சரித்திர மாணவன் ஓர் உடன்படிக்கையைக் கையில் எடுத்தால் முதலில் அதன் ஷரத்துகளைப் படிக்கக்கூடாது. கையெழுத்தான தேதியைப் பார்த்து, அந்தத் தேதியில் யார் வாசலில் யாருடைய படை நின்றது, யார் யாருக்குக் கடன்பட்டிருந்தார் என்று கேட்கவேண்டும்.

இதனை நன்றாக விளங்கிக்கொள்ள நம் கடலுக்கு அப்பால், அரபு நாட்டுக் கரையிலே ஒரு சுல்தானகத்தைப் பார்ப்பது பயனுடையது. ஓமன் நாட்டு மஸ்கட் துறைமுகத்தைத்தான் சொல்லுகின்றேன். தஞ்சாவூர் மன்னரைப் போலவே மஸ்கட் சுல்தானும் ஐரோப்பியப் போட்டியின் நடுவே அகப்பட்டவர். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தஞ்சாவூர் மன்னருக்கு நெல் வயல் இருந்தது, கப்பல் இல்லை. மஸ்கட் சுல்தானுக்கு வயல் குறைவு, கப்பல்கள் நிறைய. பாரசீக வளைகுடாவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார்த் தீவு வரையிலும் அவருடைய கொடி பறந்தது. குஜராத், கச்சுப் பகுதி வணிகர்கள் மஸ்கட்டிலும் சான்சிபாரிலும் கடை வைத்திருந்தார்கள். சான்சிபாரின் சுங்கத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியது ஜெயராம் சிவ்ஜி என்ற கச்சு வணிகரின் நிறுவனம். மைசூர்த் திப்பு சுல்தானுக்கும் மஸ்கட்டில் ஒரு வர்த்தகக் கிடங்கு இருந்தது.

அந்தத் திப்பு சுல்தானின் பெயரோடுதான் மஸ்கட்டின் முதல் முக்கியமான உடன்படிக்கையும் பிணைந்திருக்கின்றது. 1798ஆம் ஆண்டு நெப்போலியன் எகிப்தில் இறங்கினார். அங்கிருந்து செங்கடல் வழியாக இந்தியாவுக்கு வந்து திப்புவுடன் கைகோத்துவிடுவாரோ என்று ஆங்கிலேயருக்கு அச்சம். உடனே கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் மேதி அலிகான் என்பவர் மஸ்கட்டுக்குச் சென்று, 1798 அக்டோபர் 12ஆம் நாள் சுல்தான் பின் அகமது என்ற மன்னருடன் ஓர் உடன்பாடு செய்தார். பிரெஞ்சுக்காரருக்கும் அவர்களுக்குத் துணையான டச்சுக்காரருக்கும் மஸ்கட்டில் இடமில்லை என்பது அதன் சாரம். சில மாதங்கள் கழித்து, 1799 ஜனவரியில், நெப்போலியன் மஸ்கட் மன்னருக்கு ஒரு கடிதம் எழுதி, அதனுடன் திப்புவுக்கு ஒரு கடிதத்தையும் இணைத்து அனுப்பினார். அது வழியிலேயே ஆங்கிலேயர் கையில் அகப்பட்டது. மே மாதம் 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு மாண்டார். ஒரு வர்த்தகத் துறைமுகத்தில் யாருடைய கப்பல் நங்கூரம் போடலாம் என்ற சிறிய கேள்வி எவ்வளவு பெரிய சதுரங்கத்தின் ஒரு கட்டமாக இருந்தது பாருங்கள்.

பின்னர் 1806 முதல் 1856 வரை ஐம்பது ஆண்டுகள் ஆண்ட சையிது சயீது இந்த ஆட்டத்தைத் தம் கையால் ஆடிப் பார்த்தவர். சான்சிபாரிலே அரசவை அமைத்து, கிராம்பு பயிரிடச் செய்து, தம் கப்பல்களை வெகு தூரம் அனுப்பினார். 1833 செப்டம்பர் 21ஆம் நாள் அமெரிக்கத் தூதர் எட்மண்ட் ராபர்ட்ஸுடன் மஸ்கட்டில் ஓர் உடன்படிக்கை. இறக்கும் சரக்குக்கு நூற்றுக்கு 5 வீதம் தீர்வை. அதற்குமேல் வேறு வரி கிடையாது. 1839இல் ஆங்கிலேயருடன் ஒன்று. 1844 நவம்பர் 17ஆம் நாள் சான்சிபாரில் பிரெஞ்சுக்காரருடன் ஒன்று. ஒருவருக்குக் கொடுத்ததை மற்றவருக்கும் கொடுத்து, எவரும் தனியுரிமை கொண்டாடாதபடி செய்வது அவருடைய உபாயம். 1840இல் அவருடைய சொந்தக் கப்பலான சுல்தானா நியூயார்க் துறைமுகத்துக்கே போய்ச் சேர்ந்தது. தஞ்சாவூர் மன்னர் எவரேனும் துய்மாவின் நாட்டுக்குத் தம் கப்பலை அனுப்பியிருந்தால் காரைக்காலின் விலை வேறாக இருந்திருக்குமோ என்று நான் சில சமயம் எண்ணுவதுண்டு. இஃது ஆசிரியனின் வீண் கற்பனை. சரித்திரத்தில் இதற்கு இடமில்லை.

எனினும் சயீதின் சாமர்த்தியத்தை மிகைப்படுத்தவும் கூடாது. 5 வீதத் தீர்வை என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்த அரசன், பிற்காலத்தில் பணமுடை வந்தபோது அதை உயர்த்த முடியவில்லை. அந்நிய நாட்டினர் செய்யும் குற்றத்தை அந்நியத் தூதரே விசாரிப்பார் என்று ஒப்புக்கொண்ட அரசன், தன் சொந்தத் தெருவிலே பாதி அரசனாகின்றான். சயீது இறந்தபின் மஸ்கட்டும் சான்சிபாரும் இரு மைந்தர்க்கும் பிரிந்தன. 1862 மார்ச் 10ஆம் நாள் பாரிசில் இங்கிலாந்தும் பிரான்சும் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டன: மஸ்கட், சான்சிபார் சுல்தான்களின் சுதந்தரத்தை இருவரும் மதிப்போம் என்று. அழகான வாக்கியம். ஆனால் அந்த மேசையில் சுல்தான்கள் இருவருக்கும் நாற்காலி போடப்படவில்லை.

அந்தச் சுதந்தரம் எத்தகையது என்பது 1899இல் வெளியாயிற்று. மஸ்கட்டை அடுத்த பந்தர் ஜிஸ்ஸா என்னும் இடத்தில் கரி நிரப்பும் நிலையம் அமைக்கச் சுல்தான் பைசல் பிரெஞ்சுக்காரருக்கு இடங்கொடுத்தார். ஆனால் தம் நிலம் எதனையும் ஆங்கிலேயரைத் தவிரப் பிறருக்குக் கொடுப்பதில்லை என்று 1891இலேயே அவர் ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஆங்கிலப் போர்க்கப்பல் வந்தது. பீரங்கி அரண்மனையைப் பார்த்தது. கொடுத்த இடத்தைச் சுல்தான் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இன்னும் சுவையான வழக்கு கொடியைப் பற்றியது. ஓமனின் சூர் என்ற ஊர் நம் கடற்கரை ஊர்களைப் போன்றதே. மரக்கலம் கட்டுவோரும் ஓட்டுவோரும் வாழும் இடம். அவ்வூர்ப் படகுத் தலைவர்கள் பலர் பிரெஞ்சு அதிகாரிகளிடம் பத்திரம் வாங்கித் தம் மரக்கலங்களில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றிக்கொண்டார்கள். பிரெஞ்சுக் கொடி பறக்கும் கலத்தை ஆங்கிலப் போர்க்கப்பல் நிறுத்திச் சோதிக்க முடியாது. அடிமை வியாபாரத்தைத் தடுக்கக் கடலைக் காவல்புரிந்த நாள் அது. சோதனையிலிருந்து தப்புவதற்கு ஒரு துண்டுத் துணி போதுமானதாயிற்று. சுல்தானின் குடியே சுல்தானுக்குக் கட்டுப்படாமல், நான் பிரெஞ்சுப் பாதுகாப்பில் இருக்கின்றேன் என்று சொல்லலானான். இங்கிலாந்தும் பிரான்சும் இவ்வழக்கை ஹேக் நகரத்து நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோயின. 1905 ஆகஸ்ட் 8ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அடிமை வியாபாரத்தை ஒடுக்கும் பிரசெல்ஸ் ஒப்பந்தத்தைப் பிரான்சு ஏற்று உறுதிசெய்த 1892 ஜனவரி 2ஆம் நாளுக்குப் பின், 1863க்கு முன்பே பிரெஞ்சுப் பாதுகாப்பில் இருந்தவர் என்று மெய்ப்பிக்கக் கூடியவர்க்கன்றி வேறு ஓமானியர்க்குப் புதிதாகக் கொடி வழங்கும் உரிமை பிரான்சுக்கு இல்லை என்பது தீர்ப்பின் கருத்து. சட்டம் பயில விரும்பும் மாணவர்கள் இவ்வழக்கைத் தேடிப் படிக்கவேண்டும். இதிலும் வாதி பிரதிவாதியாக நின்றவர்கள் இரு ஐரோப்பிய நாடுகளே. எந்தச் சுல்தானின் குடிகளைப் பற்றிய வழக்கோ அந்தச் சுல்தான் கட்சிக்காரர் அல்லர்.

மூன்றாமவரை வெளியே நிறுத்திவிட்டு அவர் பொருளைப் பற்றி இருவர் பேசும் இந்த வழக்கம் காரைக்காலுக்கும் புதிதன்று. 1760இல் ஆங்கிலேயர் காரைக்காலைப் பிடித்தனர்; ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டதும் திருப்பிக் கொடுத்தனர். 1778இல் மீண்டும் பிடித்தனர். 1783இல் பிரான்சின் வெர்சேல்ஸ் நகரத்தில் இரு நாடுகளும் சமாதானம் செய்துகொண்டன. அந்த உடன்படிக்கையின் பதினான்காம் ஷரத்தை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். புதுச்சேரியைச் சூழ வில்லியனூரும் பாகூரும் போல, காரைக்காலுக்கு அதனை அடுத்த நான்கு 'மாகாண'ங்களைப் பெற்றுத் தர ஆங்கில மன்னர் பொறுப்பேற்கின்றார் என்று அதில் எழுதியிருக்கின்றது. மாகாணம் என்பது தஞ்சைச் சீமையில் சில கிராமங்கள் சேர்ந்த வரிப் பிரிவின் பெயர். ஐரோப்பாவின் மாபெரும் அரண்மனை ஒன்றில், அமெரிக்கப் போரை முடிக்கும் உடன்படிக்கையின் நடுவே, நம் கணக்குப்பிள்ளைகளின் சொல் ஒன்று பிரெஞ்சு எழுத்தில் குந்தியிருக்கின்றது! பெருமைப்படலாம் போலத் தோன்றும். ஆனால் 'பெற்றுத் தர' என்ற தொடரைக் கவனியுங்கள். அந்த நிலம் ஆங்கில மன்னருடையதன்று. அப்போது தஞ்சாவூரில் இரண்டாம் துளஜா அரியணையில் வீற்றிருந்தார். அவரைக் கேளாமலே அவருடைய நான்கு மாகாணங்களைப் பற்றி வெர்சேல்சில் வாக்குக் கொடுக்கப்பட்டது.

புரட்சிக் காலத்துப் போர்களில், 1793இல், மறுபடியும் ஆங்கிலேயர் வந்தனர். 1814ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின் பேரில் காரைக்கால் பிரான்சுக்கே திரும்பிற்று; உள்ளபடி ஒப்படைத்தது 1817இல். இம்முறை கோட்டை கட்டக் கூடாது, காவலுக்கு வேண்டியதற்கு மேல் படை வைக்கக் கூடாது என்ற நிபந்தனைகள் சேர்ந்தன. ஆக, வாளின் காலம் முடிந்தது. வர்த்தகத்தின் காலம் மட்டும் முடியவில்லை. கடற்கரையில் வாழும் நமக்கு மிக நெருக்கமான உடன்படிக்கை இனிமேல்தான் வருகின்றது. அது உப்பைப் பற்றியது.

சென்னை மாகாணத்தில் 1805 முதல் உப்பு வியாபாரம் ஆங்கிலக் கம்பெனியின் தனியுரிமை. நம் கரையிலோ உப்பளம் பிரெஞ்சு எல்லைக்குள். இங்கு விளையும் உப்பு வரப்பைத் தாண்டி அந்தப்புறம் போனால் கம்பெனியின் வருவாய் கரைந்துவிடும். உப்பு நீரில் கரைவதைக் காட்டிலும் விரைவில் கரையும். ஆகவே 1815 மார்ச் 7ஆம் நாள் ஓர் ஒப்பந்தம். பிரெஞ்சு ஊர்களில் விளையும் உப்பு முழுவதையும் ஆங்கிலேயரே வாங்குவர். அதற்கு ஈடாகப் பிரெஞ்சு அரசுக்கு ஆண்டுக்கு 4 இலட்சம் சிக்கா ரூபாய் கொடுப்பர். அன்றியும் கல்கத்தாவில் 300 பெட்டி அபினி வாங்கும் உரிமையும் அளிப்பர். மூன்றாண்டு கழித்து, 1818 மே 13ஆம் நாள், இன்னொரு படி மேலே போனார்கள். பிரெஞ்சு எல்லைக்குள் உப்பு விளைவிப்பதையே நிறுத்திவிடுவது. அதற்காக உப்பளத்து உடையவர்களுக்கென்று ஆண்டுதோறும் 4,000 நட்சத்திர வராகன் கொடுப்பது.

நம் கரைக்கு நான்கு இலட்சம் ரூபாயைவிடப் பெரியது எது என்று கேட்டால், உப்பு என்றுதான் சொல்லுவேன். மீன் பிடிப்பவனுக்கு உப்பு இரண்டாவது வலை. அன்று விற்காத மீன் உப்பில் கிடந்தால் ஒழிய மறுநாள் குப்பை. கண்ணெதிரே கடல் நீர், காலடியில் களர்மண், தலைக்குமேல் வெயில். மூன்றும் இலவசமாக இருக்க, உப்பைக் காசு கொடுத்து வெளியிலிருந்து வாங்க வேண்டும் என்று இரு அரசாங்கங்கள் எழுதிக் கையெழுத்திட்டன. 1930இல் வேதாரண்யத்தில் இராஜாஜியும் தொண்டர்களும் உப்பு அள்ளிய செய்தியை எல்லாரும் படித்திருக்கின்றீர்கள். அதற்கு நூற்றுப்பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், அதே கரையில் சற்று வடக்கே, பாத்திகள் ஒரு காகிதத்தினால் வறண்டன என்பதையும் உடன் வைத்துப் படியுங்கள்.

சரக்குகளைப் பற்றிய உடன்படிக்கைகள் போக, மனிதரைப் பற்றியதும் ஒன்று உண்டு. அடிமை முறை 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1861 ஜூலை 1ஆம் நாள் இங்கிலாந்தும் பிரான்சும் செய்துகொண்ட ஒப்பந்தம், இந்தியக் கூலிகளை ரீயூனியன், மார்த்தினீக், குவாதலூப், கயானா ஆகிய இடங்களுக்கு ஏற்றிச் செல்ல வழிவகுத்தது. காரைக்கால் அவ்வாறு ஆள் ஏற்றிய துறைகளில் ஒன்று. தஞ்சை மாவட்டத்து ஊர்களிலிருந்து நடந்து வந்தவர்கள் இந்த மணலில் நின்று படகேறினர். அத்தீவுகளில் இன்றும் தமிழ்ப் பெயர் தாங்கிய குடும்பங்கள் பிரெஞ்சு பேசிக்கொண்டு வாழ்கின்றன.

கடைசியாக, இக்கதையின் இறுதி உடன்படிக்கைக்கு வருவோம். மஸ்கட்டைப் பொறுத்தவரை, சுதந்தர இந்தியா 1953இல் அந்நாட்டுச் சுல்தானுடன் நட்பு, வர்த்தகம், கப்பற் போக்குவரத்து ஆகியவற்றைக் குறித்து நேரடியாக ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. நடுவே ஐரோப்பியத் தரகர் இல்லை. மறு ஆண்டு நம் முறை. 1954 அக்டோபர் 18ஆம் நாள் புதுச்சேரியை அடுத்த கீழூரில், பிரெஞ்சிந்திய ஊர்களின் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவுடன் இணைய வேண்டுமென்றனர்; 8 பேர் வேண்டாமென்றனர். அந்த மாணவி கேட்ட கேள்விக்கு விடை கிடைக்க 1739லிருந்து இருநூற்றுப்பதினைந்து ஆண்டுகள் ஆயின. நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறிற்று. 1956 மே 28ஆம் நாள் புதுதில்லியில் ஒப்படைப்பு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிரெஞ்சுப் பாராளுமன்றம் அதனை உறுதிசெய்து பத்திரங்கள் பரிமாறிக்கொள்ளப்பட்டது 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள்.

இதில் மற்ற உடன்படிக்கைகள் எதிலும் இல்லாத ஒரு ஷரத்து இருக்கின்றது. இந்த ஊர்களிற் பிறந்து இங்கேயே வாழும் பிரெஞ்சுக் குடிகள் இந்தியக் குடிகள் ஆவர். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். சாகுஜி விற்றபோது ஊரோடு சேர்த்து எண்ணப்பட்ட மனிதனிடம், இப்போது ஒரு காகிதமும் ஆறு மாத அவகாசமும் கொடுத்து, நீ யார் என்று எழுது என்றார்கள். சிலர் எழுதினர், பெரும்பாலோர் எழுதவில்லை. அண்ணன் எழுதித் தம்பி எழுதாத குடும்பங்களும் உண்டு. காரைக்கால் தெருக்களில் இன்றும் ஒரு வீட்டில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டும், ஒரே சுவரைப் பங்கிடும் அடுத்த வீட்டில் இந்தியக் கடவுச்சீட்டும் இருப்பதை நீங்கள் காணலாம். இரு வீட்டாருக்கும் மீன் வருவது இதே கரையிலிருந்துதான்.